பத்து மணியிலிருந்து பதினொன்று வரை வந்தவர்கள்

அண்ணா,

பள்ளிக்குப் புதிதாக இரண்டு வகுப்பறைகள் கட்டித் தந்திருக்கிறார்கள். பழைய கட்டடத்து இரும்பு பீரோவை அங்கே கொண்டுபோக வேண்டும் என்று நேற்று அதைக் காலி செய்துகொண்டிருந்தேன். கீழ்த்தட்டில், பழைய வருகைப் பதிவேடுகளுக்கு அடியில், ஒரு நாற்பது பக்க நோட்டு கிடைத்தது. அட்டையில் பெயர் எழுத வேண்டிய கோட்டின் மேல் நீலப் பேனாவில் "சீட் 23, ஜன்னல் பக்கம்" என்று எழுதியிருந்தது. பிரித்ததும் டீசல் வாசனை வந்தது. உண்மையிலேயே வந்ததா, வந்ததாக நான் நினைத்துக்கொண்டேனா என்று தெரியவில்லை. முகத்தருகே வைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். வாசலில் இருந்து பார்த்த ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "டீச்சர் நோட்ட மோந்து பாக்கறாங்கடி" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். கொரோனாக் காலத்தில் அவள் இன்னும் பள்ளிக்கே வராத குழந்தை. அவளுக்கு என்னவென்று சொல்வது?

நீங்கள் போய் இந்த ஆவணியோடு ஒரு வருடம் ஆகிறது. காலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, கொஞ்சம் அசதியாக இருக்கிறது என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை என்று உங்கள் மகள் சொன்னாள். அன்று உங்கள் வீட்டின் முன் மூன்று கம்பெனிகளின் சீருடைகளில் ஆட்கள் நின்றிருந்தார்கள். தெலுங்கிலும் கன்னடத்திலும் தமிழிலும் உங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு வார்த்தையும் பேசாமல் ஓசூருக்குத் திரும்பிவிட்டேன். எனக்குச் சொல்ல வேண்டியிருந்தது அத்தனை பேர் நடுவில் சொல்லக்கூடியது இல்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

பள்ளிகளை மூடச் சொன்ன முதல் மாதங்களில் நான் எவ்வளவு தவறாக யோசித்துக்கொண்டிருந்தேன் என்பதை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. நம்முடையது ஈராசிரியர் பள்ளி. இன்னொரு ஆசிரியர் தர்மபுரிப் பக்கம் ஊரில் மாட்டிக்கொண்டார், மாவட்டம் தாண்ட அனுமதி கிடைக்கவில்லை. நாற்பத்தொரு பிள்ளைகளுக்கும் நான் ஒருத்திதான். கைபேசியில் பெற்றோர் குழு ஒன்றை ஆரம்பித்து, தினமும் காலை பத்து மணிக்கு ஒரு பாடம் அனுப்பினேன். வீட்டுச் சுவரில் சார்ட் ஒட்டி, என் மகளைப் படம் பிடிக்கச் சொல்லி, "அன்புக் குழந்தைகளே" என்று ஆரம்பிப்பேன். ஒருவரும் திறந்து பார்க்கவில்லை. இந்தப் பெற்றோருக்குப் படிப்பின் மேல் அக்கறையே இல்லை என்று என் கணவரிடம் புலம்பினேன்.

சத்துணவுக்குப் பதிலாக அரிசியும் பருப்பும் முட்டையும் வீட்டுக்கே கொடுக்க ஆரம்பித்த முதல் நாளில்தான் நீங்கள் வந்தீர்கள். மூன்றாம் வகுப்பில் படித்த பேத்திக்காகப் பையோடு வந்திருந்தீர்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் உறுப்பினர் என்ற வகையில் உங்களைத் தெரியும். கூட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, ட்ரிப்புக்கு நேரமாகிவிட்டது என்று ஓடும் கம்பெனி பஸ் டிரைவர் என்பதற்கு மேல் தெரியாது. அன்றைக்கு முகக்கவசத்துக்கு மேல் கண்கள் மட்டும் சிரிக்க நின்றீர்கள்.

"டீச்சரம்மா, நீங்க அனுப்பற பாடத்த செக்யூரிட்டிதான் படிக்கிறாரு."

எனக்குப் புரியவில்லை.

"வீட்டுக்கு ஒரு போனு. அது அப்பன் கைல இருக்குது. அப்பன் கம்பெனிக்கு வந்தா கேட்டுல போன வாங்கி வெச்சிக்குவாங்க. பத்து மணிக்கு நீங்க அனுப்பனா, அங்க ரேக்குல முப்பது போனு ஒண்ணா டிங் டிங்குங்குது. செக்யூரிட்டி பயந்துட்டாரு."

நான் சிரித்தேன். பிறகு வெட்கமாக இருந்தது. நாற்பத்தொரு பிள்ளைகளின் பிறந்த தேதி எனக்குத் தெரியும். அவர்கள் அப்பா எந்த ஷிப்டுக்குப் போகிறார் என்பது ஒருவருடையதுகூடத் தெரியாது. உங்களுக்கு அது மட்டும்தான் தெரியும். நீங்கள் வெயிலில் ஓரமாக நின்றுகொண்டு சொல்லச் சொல்ல, நான் வருகைப் பதிவேட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதினேன். முதல் ஷிப்டு, இரண்டாம் ஷிப்டு, நைட்டு. எந்த பஸ், எந்த நிறுத்தம். நம் பிள்ளைகளின் அப்பாக்கள் மொத்தமே மூன்று பஸ்களில்தான் போய்வந்தார்கள். அதில் ஒன்று உங்களுடையது. மற்ற இரண்டின் டிரைவர்களும் உங்களோடு டீ குடிக்கிறவர்கள்.

"பாடத்த பேப்பருல எழுதிக் குடுங்க. நான் கொண்டுபோறன்" என்றீர்கள்.

இப்படித்தான் நம் பள்ளி பஸ்ஸில் ஏறியது. ஒரு சீட்டு விட்டு ஒரு சீட்டுத்தான் உட்கார வேண்டும், அவரவர் சீட்டில் அவரவர் என்று கம்பெனிகள் சொல்லியிருந்ததால் சீட் எண்தான் விலாசம். நான் நோட்டின் மேல் எண்ணை எழுதித் துணிப்பையில் போட்டுத் தருவேன். நீங்கள் சாயங்காலம் திரும்பும் ட்ரிப்புக்கு முன் அந்தந்த சீட்டில் வைத்துவிடுவீர்கள். அப்பா வீட்டுக்கு எடுத்துப்போவார். எழுதி முடித்த நோட்டு அதே சீட்டில் திரும்பி வரும். காகிதத்திலும் கிருமி இருக்கும் என்று பயந்த நாட்கள் அவை. முன்கண்ணாடிக்குக் கீழே ஒரு நாள் முழுக்க நோட்டுகளை வெயிலில் பரப்பி வைப்பீர்கள். அதன்பிறகு நான் இரண்டு நாள் தொடாமல் வைத்திருப்பேன். மூன்று நாள் காய்ந்த வீட்டுப்பாடத்தைத் திருத்திய ஆசிரியை வேறு எங்கேயாவது இருந்தாளா தெரியாது.

இரண்டாவது வாரமே நான் உங்களைக் கூப்பிட்டேன். "அண்ணா, ஒண்ணாம் வகுப்புப் பிள்ள கழித்தல் கணக்குல கடன் வாங்கி, அடிச்சு, சைடுல பெருக்கல் எல்லாம் போட்டிருக்கு. எனக்கு என்னமோ சந்தேகமா இருக்கு."

நீங்கள் சிரித்த சிரிப்பில் போன் அதிர்ந்தது. "பஸ்ஸுல சும்மா உக்காந்து வராங்கல்ல, டீச்சரம்மா. நேரம் போவல. எல்லாரும் பேனாவ எடுத்துட்டாங்க. உன் புள்ளைக்கு எத்தன வந்துச்சு, என் புள்ளைக்கு எத்தன வந்துச்சுன்னு பின்னாடி சீட்டுல சண்ட வேற."

"நீங்க ஒண்ணும் சொல்லலையா?"

"சொன்னன். பேனாவ எடுத்தா சடன் பிரேக் போடுவன்னு சொன்னன். அதுலயும் இருபத்திமூணாம் சீட்டுக்காரன் கேக்கறான், பிரேக் போட்டா கோடு கோணலாயிடுமே, டீச்சர் மார்க்க கொறச்சிடுவாங்களேன்னு."

அந்த இருபத்துமூன்றாம் சீட்டு நோட்டுதான் இப்போது என் மேசையில் இருக்கிறது. மூன்றாம் பக்கம் வரை அப்பாவின் கையெழுத்து, அதற்குப் பிறகு பிள்ளையுடையது. போகப்போகச் சில பக்கங்களில் இரண்டும் கலந்திருக்கின்றன. அப்பா ஒரு கணக்கு, பிள்ளை ஒரு கணக்கு. நான் இரண்டுக்கும் மார்க் போட்டிருக்கிறேன்.

அரிசி, முட்டை கொடுக்கும் முறையையும் நீங்கள்தான் மாற்றினீர்கள். நான் எல்லோரையும் ஒரே காலையில் வரச் சொல்லிக்கொண்டிருந்தேன். "ஒரே பஸ்ஸுல போறவங்க எப்படியும் ஒண்ணாதான் இருக்காங்க. அவங்க வீட்டுக்காரங்கள ஒரு நாளைக்குக் கூப்பிடுங்க. அடுத்த பஸ்ஸு அடுத்த நாளு. இந்த பஸ்ஸுல ஒருத்தனுக்கு வந்தாலும் அந்த பஸ்ஸுக்குப் போவாது பாருங்க" என்றீர்கள். பிறகு ஒவ்வொரு மாதமும் செவ்வாய், புதன், வியாழன் என்று மூன்று நாட்கள். உங்கள் பஸ் வியாழக்கிழமை. அதை ஏதோ பெரிய விஞ்ஞானம்போல நீங்கள் சொல்லவில்லை. கூட்டம் பார்த்து வண்டியில் ஆளை ஏற்றிப் பழகியவரின் கணக்கு அது.

அதை மாற்றியது நான்.

அந்த மாதம் மேலே இருந்து, பொருள் வாங்கியவர்களின் கையெழுத்துப் பட்டியலை வகுப்புவாரியாகக் கேட்டார்கள். பட்டியலைத்தான் கேட்டார்கள். மூன்று நாள் வாங்கிய கையெழுத்துகளை வீட்டில் உட்கார்ந்து வகுப்புவாரியாக மாற்றி எழுதியிருக்கலாம். எனக்கு அலுப்பாக இருந்தது. வகுப்பு வகுப்பாகவே வரச் சொல்லிவிட்டால் ஒரே நாளில் முடிந்துவிடுமே என்று தோன்றியது. செவ்வாய் மாலை பெற்றோர் குழுவில் செய்தி போட்டேன். நாளை புதன், ஒன்பது மணிக்கு ஒன்றாம் வகுப்பு, பத்து மணிக்கு இரண்டாம் வகுப்பு, இப்படியே ஐந்து வரை. உங்களிடம் இருந்தது பட்டன் போன். குழுவில் நீங்கள் இல்லை. தனியாகக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

வியாழக்கிழமை காலை, ட்ரிப்பை முடித்துவிட்டு நோட்டுப் பையோடு பள்ளி வாசலுக்கு பஸ்ஸைக் கொண்டுவந்தீர்கள். இன்ஜினை அணைக்காமல் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினீர்கள்.

"இன்னிக்கு நம்ம பஸ்ஸுக்காரங்க வருவாங்கல்ல, டீச்சரம்மா. ஒருத்தர் வீட்ல மட்டும் வர வேணாம்னு சொல்லிடுங்க. நான் கொண்டுபோய் வாசல்ல வெச்சிடறன்."

"எல்லாருக்கும் நேத்தே குடுத்து முடிச்சிட்டேனே அண்ணா."

இன்ஜினை அணைத்தீர்கள். அதுவரை வேறு எங்கோ சுற்றிக்கொண்டிருந்த காக்கைகளின் சத்தம் திடீரென்று கேட்டது. இறங்கி வந்து வாசலுக்கு வெளியிலேயே நின்று சொன்னீர்கள். திங்கட்கிழமை கம்பெனி கேட்டில் நெற்றியில் காட்டும் கருவியில் ஒருவருக்குச் சூடு அதிகமாகக் காட்டியது. திருப்பி அனுப்பினார்கள். காலி பஸ்ஸில் நீங்கள்தான் அவரை வீட்டில் விட்டீர்கள். செவ்வாய்க்கிழமை பரிசோதனை. புதன் இரவு முடிவு வந்தது, தொற்று இருக்கிறது என்று.

அவர் புதன்கிழமை காலையில், காய்ச்சல் விட்டுவிட்டது என்ற தைரியத்தில், என் செய்தியைப் பார்த்துவிட்டு இரண்டாம் வகுப்பு வரிசையில் வந்து நின்றார். பத்து மணிக்கு. முகக்கவசம் போட்டிருந்தார். கையெழுத்துப் போடும் பேனாவை நான்தான் அவர் பக்கம் நகர்த்தினேன்.

"திங்கக்கெழமையே உங்களுக்குத் தெரியுமே. ஏன் அண்ணா எங்கிட்ட சொல்லல?" என் குரல் உயர்ந்துவிட்டது.

"வியாழக்கெழமைக்குள்ள சொல்லிக்கலாம்னு இருந்தன். வெறும் காய்ச்சலாக்கூட இருக்கலாம்னு பாத்தன். அந்த ஆளு காலப் புடிக்காத கொறையாக் கேட்டான், வெளிய தெரிஞ்சா வீட்டக் காலி பண்ணச் சொல்லிடுவாங்கண்ணான்னு." பிறகு, "நீங்க நாள மாத்துனத ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றீர்கள்.

கோபித்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை, உங்களுக்கும் இல்லை. அந்த இடத்தில் நீங்கள் என்மேல் பழியைப் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். நானும் உங்கள்மேல் போட்டிருப்பேன்.

அவர் குடியிருந்தது உங்களுக்குத் தெரிந்த அந்த லைன் வீடுகளில். கம்பெனிகளில் வேலை செய்பவர்களுக்காக நிலத்தின் ஓரத்தில் வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்டிருந்த பத்து வீடுகள், ஒரே குழாயடி. முன்னால் பெரிய வீட்டில் வீட்டுக்காரர். கெட்ட மனிதர் இல்லை. அவர் மனைவிக்கு வருடம் முழுக்க மூச்சு இழுப்பு, அந்தப் பயத்திலேயே இருந்தார். "எவனுக்காவது வந்துச்சுன்னு தெரிஞ்சா அன்னிக்கே சாமான வெளிய வெச்சிடுவன், டீச்சர். அப்பறம் என்ன யாரும் தப்பு சொல்லக்கூடாது" என்று என்னிடமே சொல்லியிருந்தார். அடுத்த தெருவில் ஒரு குடும்பத்தை அப்படி வெளியேற்றியிருந்ததையும் நாம் பார்த்திருந்தோம். பெட்டி படுக்கையோடு, பிள்ளைகளோடு, பஸ்ஸும் ஓடாத நாளில் அவர்கள் எங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த இரண்டு பிள்ளைகளின் பெயரும் நம் பதிவேட்டில் இருந்து போயிருந்தது.

ஒரு பக்கம் புதன்கிழமை வந்த குடும்பங்கள். அவர்களிடம் மறைத்தால் அவர்கள் வீட்டுக் கிழவர்களுக்கு நான் தீங்கு செய்தவளாவேன். இன்னொரு பக்கம் இந்தக் குடும்பம். நான் போனை எடுத்துக் குழுவில் எழுத ஆரம்பித்தேன். அவர் பெயரில் இருந்துதான் ஆரம்பித்தேன், எப்படியும் சொல்லித்தானே ஆக வேண்டும் என்று.

நீங்கள் தள்ளி நின்றே கேட்டீர்கள். "பேரு எதுக்கு? அவரு எத்தன மணிக்கு வந்தாரு?"

"பத்திலேர்ந்து பதினொண்ணுக்குள்ள."

"அப்ப நேரத்தச் சொல்லுங்க. பத்துலேர்ந்து பதினொண்ணு வரைக்கும் வந்தவங்கல்லாம் வீட்ட விட்டு வெளிய வராதீங்கன்னு சொல்லுங்க. அவங்களுக்குத் தெரிய வேண்டியது அதுதான்."

எழுதியதை அழித்துவிட்டு அப்படியே எழுதினேன். ஒன்பது குடும்பங்கள், அரிசி அளந்து போட்ட சத்துணவு அக்கா, நான். "என்னையும் பத்து மணி லிஸ்ட்டுல சேத்துக்கோங்க. திங்கக்கெழம அந்த ஆள வீட்ல வுட்டவன் நான்தான" என்று சொல்லிவிட்டுக் கம்பெனிக்கும் போன் செய்து உண்மையைச் சொன்னீர்கள். அவர்கள் அந்த பஸ்ஸில் போனவர்களைப் பரிசோதிக்க ஏற்பாடு செய்துவிட்டு, வேறு டிரைவரை அனுப்பினார்கள்.

கிராம சுகாதாரச் செவிலியரிடம் எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னோம். அந்தம்மா முதலில் திட்டினார், என்னைத்தான். பிறகு, "ஆம்புலன்ஸ் வந்தா தெருவே கூடிடும். ஆள நீங்க ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டுவந்துட்டா, கிருஷ்ணகிரிக்கு நான் அனுப்பிக்கிறேன்" என்றார். பஸ்ஸை ஒப்படைப்பதற்கு முன் நீங்கள் போட்ட கடைசி ட்ரிப் அது. அந்தத் தகப்பன் சீருடையைப் போட்டுக்கொண்டு, டிபன் பாக்ஸ் பையோடு, வழக்கம்போல வந்து நின்றார். எல்லா ஜன்னலும் திறந்திருக்க, கடைசி சீட்டில் அவர், முன்னால் நீங்கள். கம்பெனியிலேயே தங்கி வேலை செய்யச் சொல்லிவிட்டார்கள் என்று அவர் மனைவி குழாயடியில் சொன்னார். அப்போது சில கம்பெனிகள் அப்படித்தான் செய்துகொண்டிருந்தன, யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அது பொய்தான். நான் பிள்ளைகளிடம் பொய் சொல்லக்கூடாது என்று பாடம் நடத்துகிறவள். அந்தப் பொய்யை இத்தனை வருடத்தில் பல கோணங்களில் திருப்பிப் பார்த்துவிட்டேன். ஆபத்தில் இருந்த எல்லோருக்கும் ஆபத்து என்று சொன்னோம். மருத்துவத்துக்கு, கம்பெனிக்கு, யாருக்குத் தெரிய வேண்டுமோ அவர்களுக்குச் சொன்னோம். ஒரு பெயரை மட்டும் சொல்லவில்லை. எப்படிப் பார்த்தாலும் மறுபடி அதையேதான் செய்வேன் என்று படுகிறது. உங்களுக்கு இந்தக் குழப்பமெல்லாம் இருந்ததா என்று கேட்க நினைத்து, கேட்காமலே விட்டுவிட்டேன்.

செவிலியர் ஒரு வீட்டுக்குத்தான் கட்டாயம் போக வேண்டியிருந்தது. ஒன்பது வீட்டுக்கும் போனார். தினமும் விரலில் கருவியை மாட்டிப் பார்த்தார், ஒன்பது வாசலிலும் பிளீச்சிங் பவுடர் போடச் சொன்னார். குழாயடிக்கு ஒரு நேரத்தில் ஒரு வீடு என்று முறை வைத்தார். எந்த வீடு என்று யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்தத் தகப்பனின் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் இல்லை என்று முடிவு வந்தது. முதல் மூச்சு அன்றைக்குத்தான் விட்டேன்.

இதில் நாம் இருவருமே மறந்திருந்த ஒன்று உண்டு. அந்த வருடம் வீட்டுக்காரர் தன் பேரனைத் தனியார் பள்ளியில் இருந்து எடுத்து நம் பள்ளியில் இரண்டாம் வகுப்பில் சேர்த்திருந்தார். புதன்கிழமை பத்தே காலுக்கு, வெள்ளை வேட்டியும் முட்டைத் தட்டுமாக, அவரே வரிசையில் நின்றிருந்தார். ஒன்பது குடும்பத்தில் ஒன்று அவருடையது.

"யாரு டீச்சர் அது? யாருன்னு சொல்லுங்க" என்று முதல் நாள் போனில் கத்தினார்.

"பத்து மணிக்கு வந்தவங்கங்க. நீங்களும் வந்தீங்க, நானும் இருந்தேன்" என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை.

பதினான்கு நாட்கள் ஓசூர் வீட்டு மாடி அறையில் இருந்தேன். மகள் தட்டை வாசலில் வைத்துவிட்டுக் கதவைத் தட்டிவிட்டு ஓடுவாள். காலையில் ஒன்பது வீட்டுக்கும் போன் செய்வேன். நீங்கள் உங்கள் மாட்டுக் கொட்டகையில் கட்டில் போட்டுக்கொண்டு சாயங்காலம் செய்வீர்கள். ஆறு மணிக்கு எனக்குக் கூப்பிடுவீர்கள். "ஒம்போதும் நல்லாருக்குது" என்பீர்கள். அதற்காகத்தான் நான் பகல் முழுக்க உட்கார்ந்திருப்பேன். சொல்லி முடித்தும் வைக்க மாட்டீர்கள். ஒரு நாள், "இங்க மாடு என்ன ஒரு மாதிரி பாக்குது, டீச்சரம்மா. இத்தன நாளு இவன் வீட்ல தங்கி நான் பாத்ததே இல்லையேன்னு" என்றீர்கள். இன்னொரு நாள், இருபத்துமூன்றாம் சீட்டுக்காரர் போன் செய்து வாய்ப்பாடு ஒப்பித்துக் காட்டியதாகச் சொன்னீர்கள். சிரிப்பேன். வைத்தபிறகு, நாளை எட்டுத்தான் நன்றாக இருக்கிறது என்று சொல்வாரோ என்று நினைப்பேன்.

ஒன்பதாம் நாள் காலையில் நான் கூப்பிடுவதற்கு முன்னாலேயே போன் அடித்தது. வீட்டுக்காரர். குரலே அடையாளம் தெரியவில்லை.

"டீச்சர், பேரனுக்கு ராத்திரியிலேர்ந்து ஒடம்பு கொதிக்குது."

செவிலியரை அனுப்புகிறேன், பரிசோதனைக்குக் கூட்டிப் போங்கள், பாட்டியைத் தனி அறையில் இருக்கச் சொல்லுங்கள் என்று நான் சொல்லிக்கொண்டே போனேன். எல்லாவற்றுக்கும் சரி சரி என்றார். கடைசியில், "ஒண்ணு மட்டும் டீச்சர். வெளிய யாருக்கும் தெரிய வேணாம். காம்பவுண்டுல ஆளுங்க ஒரு மாதிரி நெனச்சுக்குவாங்க" என்றார்.

"யாரு பேரும் நாங்க சொல்றதில்லைங்க" என்றேன்.

உங்களுக்குக் கூப்பிட்டு இதைச் சொன்னபோது நீங்கள் சிரிப்பீர்கள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "பாவம், அந்த மனுசன்" என்றீர்கள். "அந்தப் புள்ள ஏழு எழுதனா கண்ணாடியில பாக்கற மாதிரி இருக்கும், டீச்சரம்மா. நோட்டப் பாத்தாலே தெரியும்." ஒரு பஸ் நிறைய நோட்டுகளைச் சுமந்தவர் அவற்றைத் திறந்தும் பார்த்திருக்கிறார் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அந்த இரண்டு நாட்களில் நான் எதுவும் சாப்பிட்டதாக நினைவில்லை. அந்தப் பிள்ளைக்கு வந்திருந்தால் அது என் கையால் வந்தது. ஒரு மாலை கையெழுத்துகளை மாற்றி எழுத அலுத்துக்கொண்ட கையால். இழுப்போடு இருக்கும் அந்தம்மாவைப் பற்றி நினைக்காமல் இருக்க, இல்லாத நோட்டுகளுக்கெல்லாம் பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். இரண்டாம் நாள் ஆறு மணி ஆயிற்று, ஆறரை ஆயிற்று. நீங்கள் கூப்பிடவில்லை. எனக்குக் கூப்பிடத் தைரியம் இல்லை. ஏழு மணிக்கு அடித்தது.

"டீச்சரம்மா, இல்லையாம். வெறும் தொண்டக் காய்ச்சல். செவிலியரம்மா இப்பதான் சொன்னாங்க. ஒம்போதும் நல்லாருக்குது. போய் சாப்புடுங்க."

நான் போனை வைக்கவில்லை. நீங்களும் வைக்கவில்லை. கொட்டகையில் மாடு மணியை ஆட்டிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. நீங்கள் மூக்கை உறிஞ்சிய சத்தமும் கேட்டது. அதை நான் கேட்டேன் என்று உங்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

பதினான்காம் நாள் முடிந்தது. அந்தத் தகப்பன் கிருஷ்ணகிரியில் இருந்து அதே சீருடையில், அதே டிபன் பாக்ஸோடு வந்து இறங்கினார். கம்பெனிச் சாப்பாட்டில் இளைத்துவிட்டதாகக் குழாயடியில் பேசிக்கொண்டார்களாம். அதன்பிறகு நாம் இருவரும் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். பள்ளி மறுபடி திறக்கும்வரை தினமும் ஆறு மணிக்கு ஒரு போன். நான் மாற்றியதை நான் சொல்ல வேண்டும், நீங்கள் பார்த்ததை நீங்கள் சொல்ல வேண்டும். பெரும்பாலான நாட்களில் இரண்டு பக்கமும் சொல்ல ஒன்றும் இருக்காது. "ஒண்ணுமில்ல டீச்சரம்மா." "இங்கயும் ஒண்ணுமில்ல அண்ணா." அவ்வளவுதான்.

அடுத்த வருடம் அதைவிடக் கடுமையாக இருந்தது என்பதை நான் மறக்கவில்லை. நம் ஊரிலும் ஆட்கள் போனார்கள். ஆனால் பள்ளி திறந்த அன்று பெயர் கூப்பிட்டபோது நாற்பத்தொன்றுக்கும் "உள்ளேன்" வந்தது. அடுத்த தெருவில் இருந்து வெளியேறிய அந்த இரண்டு பிள்ளைகளையும் ராயக்கோட்டைப் பக்கம் இருந்து நீங்கள் கண்டுபிடித்துச் சொல்லியிருந்தீர்கள், அவர்களையும் சேர்த்துத்தான். நீங்கள் ட்ரிப்புக்குப் போகிற வழியில் வாசலில் வண்டியை மெதுவாக்கினீர்கள். நான் விரல்களால் நான்கும் ஒன்றும் காட்டினேன். ஹாரன் அடிக்காமல் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனீர்கள்.

போன மாதம் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். புதிய கட்டடத்துக்காக ஊர்க்காரர்களையும் அழைத்திருந்தோம். வீட்டுக்காரர் முன்வரிசையில் இருந்தார். பேச்சு எப்படியோ அந்தக் காலத்துக்குப் போனது. அவர் எழுந்து, "ஊரெல்லாம் வந்துச்சு. எங்க காம்பவுண்டுல மட்டும் ஒருத்தருக்கும் வரல. ஒரு காய்ச்சல்கூட கெடையாது. அந்த அளவுக்கு சுத்தமா வெச்சிருந்தோம்" என்றார். பின்வரிசையில் இருந்து ஒருவர் சத்தமாக, "ஆமாங்க" என்றார். கடைசிப் பிள்ளைக்காக வந்திருந்த அந்தத் தகப்பன்தான். இன்னமும் அங்கேதான் குடியிருக்கிறார்.

முதலில் அவர் என்னைப் பார்த்தார். பிறகு வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், பேரனின் காய்ச்சலை நினைத்துக்கொண்டு. ஒருவருக்கு இன்னொருவரைப் பற்றித் தெரியாது. எனக்கு இருவரையும் தெரியும். உங்களுக்கும் தெரியும், ஆனால் நீங்கள் வழக்கமாக நிற்கும் கதவோரத்தில் யாரோ ஒரு பையை மாட்டியிருந்தார்கள். இவ்வளவையும் எழுதிய இந்த மடலில்கூட அந்தப் பெயரை எழுதவில்லை, எந்த சீட் என்றும் எழுதவில்லை, கவனித்திருப்பீர்கள்.

நான் தலையைக் குனிந்து தீர்மானப் புத்தகத்தைப் புரட்டினேன்.

"அடுத்தது, குடிநீர்த் தொட்டி" என்றேன்.